தமிழ் வழியில் படித்தவர் ஜிஆர்இ ஆங்கிலப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். இப்போது வேலையில் இருக்கிறார், ஆறு மாதத்தில் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வை எழுத வேண்டும். கணக்குப் பகுதி பரவாயில்லை, ஆங்கிலச் சொற்களும் நீளமான பத்திகளும்தான் பயமாக இருக்கின்றன, கோச்சிங் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறார். நானும் அதே இடத்தில் நின்றவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர். பள்ளி முழுக்கத் தமிழ் வழி, பிறகு திருநெல்வேலியில் பொறியியல், தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் போய் வந்தேன். ஜிஆர்இ ஆங்கிலப் பகுதியை வெர்பல் என்பார்கள், அதன் மதிப்பெண் 130 முதல் 170 வரை. என் முதல் மாதிரித் தேர்வில் 143, ஏழு மாதம் கழித்து உண்மையான தேர்வில் 158. நான் விண்ணப்பித்த இடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் இரண்டு மாதத்தை நான் வீணாக்கினேன். சேர்ந்த பயிற்சி மையத்தில் ஒரு தடிமனான ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஐம்பது சொல் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஏ வரிசைச் சொற்கள் மட்டும் நன்றாகப் பதிந்தன, சி வருவதற்குள் பி மறந்து போனது. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், எதிர்ச்சொல் கேள்வியையும், இரு சொற்களின் உறவை ஒப்பிடச் சொல்லும் அனாலஜி கேள்வியையும் 2011லேயே ஜிஆர்இயிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டு அதற்கு முந்தைய தேர்வுக்காகத் தயாரானது. இப்போது ஒரு சொல்லைத் தனியாக நிறுத்தி அர்த்தம் கேட்பதில்லை, வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். வெர்பல் கேள்விகளில் ஏறத்தாழப் பாதி பத்தி வாசிப்பு வேறு. (நீங்கள் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எழுதுபவராக இருந்தால் கதை வேறு, அங்கே இன்னமும் சினானிம், ஆன்டனிம், ஒன் வேர்ட் எல்லாம் நேரடியாக வருகின்றன, பட்டியல் உதவும். ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதும் கேட் (CAT) தேர்வின் ஆங்கிலப் பகுதியில் பெரும்பங்கு பத்திகளுக்குத்தான்.) ஆகவே உங்கள் தேர்வு இன்று எப்படி இருக்கிறது என்று அதை நடத்துபவர்களின் தளத்திலேயே முதலில் பாருங்கள்.

இன்னொன்று, எல்லோரும் எனக்குச் சொன்ன அறிவுரை: "இங்கிலீஷிலேயே யோசி." சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், ஆனால் அதனால் எனக்குத் தாழ்வு மனப்பான்மை வந்ததுதான் மிச்சம். தமிழில் யோசிப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இருபது வருடம் வாழ்ந்த அனுபவம் முழுக்க உங்களிடம் தமிழில்தான் இருக்கிறது, அதைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் தேர்வுக்குப் போனால் வெறுங்கையோடு போவது மாதிரி. எனக்கு மதிப்பெண் ஏற ஆரம்பித்ததே தமிழை உள்ளே விட்ட பிறகுதான்.

சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'பார்சிமோனியஸ்' என்ற சொல்லுக்குப் பட்டியலில் இன்னும் நாலு ஆங்கிலச் சொல்தான் அர்த்தமாக இருந்தது, அந்த நாலில் இரண்டு எனக்குத் தெரியாது. எங்கள் ஆச்சி எங்கள் தெருவில் ஒருவரைப் பற்றி "எச்சிக் கையால காக்கா ஓட்ட மாட்டாரு" என்பாள். சொல்லை எழுதிய அட்டையின் பின்புறம் அந்த வாக்கியத்தை எழுதினேன், அதோடு அந்தச் சொல் என்னை விட்டுப் போகவே இல்லை. 'அப்சீக்வியஸ்' என்றால் கூழைக்கும்பிடு போடுகிறவர். 'டெனேஷியஸ்' உடும்புப்பிடி. 'கேப்ரிஷியஸ்' நேரத்துக்கு ஒரு பேச்சு. 'எக்விவகேட்' என்றால் பிடி கொடுக்காமல் மழுப்புவது. 'எஃபெமரல்' நீர்க்குமிழி. அகராதியில் இருக்கும் தமிழ் அர்த்தத்தைவிட, உங்கள் வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்ன தமிழ் வேண்டும், கூடவே அதற்குப் பொருத்தமான ஒரு முகமும் வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டும் செலவு செய்யாதவரைத்தான் குறிக்கின்றன, ஆனால் ஒன்று சிக்கனம், மற்றது கஞ்சத்தனம். பாராட்டா திட்டா என்ற இந்த வேறுபாட்டில்தான் தேர்வு உங்களைப் பிடிக்கும். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. தமிழில் யாராவது சிக்கனமானவரைக் கஞ்சன் என்றால் கோபம் வருமே, அந்தக் கோபம்தான் சரியான அர்த்தம்.

ஒரு சொல் மட்டும் வேறு விதமாகப் பதிந்தது. 'பரையா' என்று ஒன்று பட்டியல்களில் வரும், ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருக்கும். நம் ஊர் மக்களின் சாதிப் பெயரை எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆங்கிலம் அந்தப் பொருளில் வைத்திருக்கிறது, வேர் பறை என்ற நம் தமிழ்ச் சொல். அந்த அட்டையை எழுதும்போது மனசு கனத்துவிட்டது. பத்தியில் வந்தால் புரிய வேண்டும் என்பதற்காகத் தெரிந்து வைத்துக்கொண்டேன், நான் எழுதும் ஆங்கிலத்தில் அதைச் சேர்ப்பதில்லை.

அட்டை என்று சொன்னது பழைய கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டியது. முன்புறம் சொல்லை மட்டும் எழுதாமல், அதைப் பார்த்த வாக்கியத்தையும் எழுதினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு புதிய சொல், அதற்கு மேல் இல்லை. நேற்று எழுதியதை இன்று, பிறகு மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து எழுதிவிட்டார், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. செல்போனில் செய்வதாக இருந்தால் ஆங்கி என்ற செயலி இந்த இடைவெளியைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வீரவநல்லூரில் ஏறினால் பேட்டை வருவதற்குள் எனக்கு அன்றைய அட்டைகள் முடிந்துவிடும்.

கஷ்டமான சொற்களைவிட, தெரிந்தது போலத் தெரியும் சொற்கள்தான் அதிகம் ஏமாற்றின. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் 'ஆசிரியர் தன் கருத்தை குவாலிஃபை செய்கிறார்' என்றால் இதற்கு மட்டும்தான் பொருந்தும் என்று எல்லை போட்டுக்கொள்கிறார் என்று அர்த்தம். 'பெடஸ்ட்ரியன்' என்றால் பாதசாரி மட்டும் இல்லை, சுவாரசியமே இல்லாதது என்றும் பொருள். 'சாங்ஷன்' அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். 'எனர்வேட்' எனர்ஜி மாதிரி ஒலிக்கிறது, ஆனால் தெம்பை உறிஞ்சுவது. இவற்றுக்கென்று தனியாக ஒரு நோட்டு போடுங்கள்.

அடுத்தது கோடிட்ட இடம். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் வர வேண்டிய சொல்லை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வழக்கமாக வளவளவென்று பேசும் அந்த அறிஞரின் அன்றைய உரை வியக்கும்படி ______ இருந்தது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக, வியக்கும்படி என்ற இரண்டும் சேர்ந்து திசையைத் திருப்பிவிட்டன, ஆக 'சுருக்கமாக' என்று மனம் தானே சொல்லும். இப்போது கையை எடுத்தால் 'டெர்ஸ்', 'லக்கானிக்' இரண்டும் கண்ணில் படும். மறைக்காமல் போயிருந்தால் 'எலக்வன்ட்' இழுத்துக்கொண்டு போயிருக்கும், உரை என்றாலே அது பொருந்தும் போல இருக்குமே. ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

பத்தி வாசிப்புதான் நான் அதிகம் பாடுபட்ட இடம். என் பிரச்சினை சொற்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை வாசித்தபோது, எல்லாச் சொல்லும் தெரிந்தும் ஒரு வாக்கியம் புரியாமல் மூன்று முறை திரும்பப் படித்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தமிழில் அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் வந்து கதவைச் சாத்தும், நாம் அதுவரை காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வந்து நிற்கிறது, அதற்கும் வினைக்கும் நடுவே காற்புள்ளி போட்டு இரண்டு வரியைச் செருகிவிடுகிறார்கள், சில வாக்கியங்களில் வினை சீக்கிரமே வந்துவிட்டு மிச்சமெல்லாம் பின்னால் வால் மாதிரி நீளுகிறது. நாம் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் பள்ளியில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருளையே கையில் எடுத்தேன். ஒவ்வொரு நீள வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் பென்சிலால் கோடிட்டேன், செருகலைப் பிறகு பார்த்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் பென்சில் இல்லாமலே கண் அதைச் செய்ய ஆரம்பித்தது.

அப்புறம் ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்ன சொல்கிறது என்று எழுதினால் பாதிதான், எதற்காக இதை இங்கே சொல்கிறார் என்றும் எழுத வேண்டும். 'பழைய கருத்தைச் சொல்கிறார், அடுத்து உடைக்கப் போகிறார்', 'எதிர்த்தரப்பில் கொஞ்சம் உண்மை இருப்பதாக ஒப்புக்கொள்கிறார்' என்ற மாதிரி. கேள்விகளில் நிறைய இதைத்தான் சுற்றி வரும். வாசிக்க ஈயான் இணைய இதழின் கட்டுரைகள் நல்லவை, இலவசம். தத்துவம், உயிரியல், வரலாறு என்று உங்களுக்குப் பழக்கமில்லாத துறையாகப் பார்த்து எடுங்கள், தினம் ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சியில் பழங்காலப் பாசனம் பற்றி ஒரு பத்தி வந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் கன்னடியன் கால்வாயில்தான் வருகிறது, மடை திறப்பதையும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவன், அதனால் மகிழ்ச்சியாகப் படபடவென்று விடை போட்டேன். நாலில் மூன்று தப்பு. நான் போட்ட விடைகள் உலகத்தில் உண்மைதான், ஆனால் அந்தப் பத்தி அவற்றைச் சொல்லவில்லை. தெரிந்த விஷயம் வந்தால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள், விடைக்கான வரியைப் பத்தியில் விரலால் தொட முடியாவிட்டால் அந்த விடையை விட்டுவிடுங்கள்.

கோச்சிங் பற்றிக் கேட்டீர்கள். என் கருத்தில் வெர்பலுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் தேர்வு நடத்தும் இடிஎஸ் வெளியிடும் உண்மைக் கேள்விகளை வாங்குங்கள், அவர்களுடைய பவர்பிரெப் மாதிரித் தேர்வு இரண்டு இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றை இன்றே எழுதிப் பாருங்கள், மற்றதைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே என்றால் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம், ஆறு மாதம் தாராளம்.

2023 செப்டம்பரிலிருந்து தேர்வு சுருங்கி, வெர்பலில் 12 கேள்விக்கு 18 நிமிடம், பிறகு 15 கேள்விக்கு 23 நிமிடம் என்று இரண்டு பிரிவுதான். முதல் பிரிவை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதின் கடினம் மாறும். எனக்கு இரண்டாம் பிரிவில் வந்த ஒரு பத்தியின் முதல் வாக்கியமே ஐந்து வரி, ஒன்றும் புரியவில்லை, கை சில்லிட்டது. பிறகு, இவ்வளவு கடினமாக வருகிறது என்றால் முதல் பிரிவு நன்றாகப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று தோன்றியது. மூச்சை இழுத்து விட்டுவிட்டு, எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.