வேனையே வீடாக்கிக்கொண்டு இலங்கை மலையகத்தில் ஆண்டு முழுவதும் வாழ முடியுமா?

முடியும், ஆனால் மழையைப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும்போது பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். டிசம்பரில் மழை பதுளைப் பக்கம் திரும்பிவிடும். ஒக்டோபர், நவம்பரில் எங்கும் பெய்து மண் சரியலாம் என்பதால், வெட்டிய மண்மேட்டின் அடியில் ஒரு இரவுகூட வண்டியை நிறுத்தாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை பிரேக்தான். கட்டில், தண்ணீர்த் தாங்கி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிய வேன், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஒருமுறை கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகே நான் நிறுத்தினேன்; சில்லுக்கு அருகே கைவைக்க முடியவில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்குங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது தானாக ஆறட்டும்.

குளிருக்காகக் கேஸ் அடுப்பையோ கரியடுப்பையோ எரியவிட்டு உறங்கவே கூடாது. மூடிய வேனுக்குள் சேரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாடையே இல்லை என்பதால், ஆபத்து தெரியாமலே உயிர் போய்விடும். கம்பளி போதும், இரு பக்க யன்னல்களையும் இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தால், விடியலில் கூரையிலிருந்து மூச்சின் ஈரம் சொட்டுவதும் குறையும்.

மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் தங்குவதானால் முதலில் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேளுங்கள். லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலை மறித்து நிறுத்தாதீர்கள்.