முதல் இரண்டு வீரர்கள் ஏன் இறுதிக்கு முன் மோதுவதில்லை?

டென்னிஸ் ஒற்றையர் அட்டவணை முழுக்கக் குலுக்கலா, முன்பே அமைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கலந்தது.

ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் போட்டிக்குச் சீட்டு எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்குவோம். போரிக் பவுடர் ஒட்டிய விரலால் ஒரு சிறுவன் எடுப்பான். ஒருமுறை பேட்டையின் இரண்டு சிறந்த ஆட்டக்காரர்களும் முதல் சுற்றிலேயே மோதிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை. டென்னிஸில் இதைத் தடுப்பதுதான் தரநிலை (seed), அதாவது சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் போட்டிக்கு முன்பே தரும் வரிசை எண். முதல் தரநிலை அட்டவணையின் உச்சியில், இரண்டாம் தரநிலை அதன் அடியில். இருவரும் வேறு வேறு பாதியில் இருப்பதால் இறுதியில்தான் மோத முடியும். மூன்றும் நான்கும் எந்தப் பாதிக்குப் போவது என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும். தரநிலை இல்லாதவர்கள் முழுக்கக் குலுக்கலில்தான் இடம் பெறுகிறார்கள்.

விம்பிள்டனில் 128 பேர், அவர்களில் 32 பேருக்குத் தரநிலை. நுங்கம்பாக்கத்தில் 2017இல் நடந்த சென்னை ஓபனில் 28 பேர்தான். ஒவ்வொரு சுற்றிலும் சரிபாதியாகக் குறைய அட்டவணைக்கு 32 இடம் வேண்டுமே? முதல் நான்கு தரநிலைக்காரர்கள் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள், அதுதான் 'பை'.

ஆனால் இந்தச் சலுகை வெற்றியைத் தருவதில்லை. அந்த ஆண்டு முதல் தரநிலை மரின் சிலிச், தகுதிச் சுற்றிலிருந்து வந்த ஜோசப் கோவாலிக்கிடம் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். கோப்பை, இரண்டாம் தரநிலையில் இருந்த பட்டிஸ்டா அகுட்டுக்குப் போனது.