கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்: அமெரிக்கக் கலைக் கண்ணாடி கேள்வி-பதில்

கேள்வி: எஸ்டேட் சேல் (ஒரு வீட்டின் பழைய பொருள்களை மொத்தமாக விற்பது) ஒன்றில் தங்க நிறத்தில் மின்னும் சின்னப் பூச்சாடி வாங்கினேன். அடியில் 'எல்.சி.டி.' என்று கீறியிருக்கிறது. டிஃப்பனிதானே?

பதில்: இருக்கலாம். ஆனால் அந்த மூன்று எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அவை லூயிஸ் கம்ஃபர்ட் டிஃப்பனி என்ற அமெரிக்கக் கலைஞரின் பெயரின் முதலெழுத்துகள். தன் மினுங்கும் கண்ணாடிக்கு 1894இல் 'ஃபவ்ரில்' என்ற பெயரைப் பதிவு செய்தார். நியூயார்க்கின் கொரோனாவில் அவருடைய உலை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் வெளியே போய் 1901இல் புரூக்ளினில் 'க்வெசல்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே மினுமினுப்பு, அதே கைப்பழக்கம். பெயர் பொறிக்காத க்வெசல் துண்டின் அடியில் 'எல்.சி.டி.' என்று கீற ஒரு சின்ன டிரில் போதும், விலை எகிறிவிடும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நூறு வருஷம் அலமாரியில் இருந்த சாடிக்கு, தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் பொடிப்பொடிக் கீறல்கள், திசைக்கு ஒன்றாக ஓடும். எழுத்து அந்த விளிம்பில் இருந்தால் பழைய கீறல்கள் அதன் மேலேயும் ஓடியிருக்க வேண்டும். எழுத்து அவற்றை வெட்டிக்கொண்டு போனால், அதன் பள்ளத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், நேற்று எழுதியது. நானும் ஒருமுறை ஒரு கிண்ணம் வாங்கி ஏமாந்தவன்தான். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால், கீறல்கள் எல்லாம் ஒரே திசையில்! யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தில் இப்போது சாவிகள் கிடக்கின்றன.

கேள்வி: அம்பரினா என்ற இருநிறக் கண்ணாடிக் கிண்ணத்தில் மேலே சிவப்பு, கீழே தேன் நிறம். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கிறார்களா?

பதில்: இல்லை, ஒரே கண்ணாடிதான். தேன் நிறக் கண்ணாடிக் குழம்பில் துளியளவு தங்கம் கரைந்திருக்கும். ஊதி வடிவம் கொடுத்து, சற்று ஆறவிட்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் திரும்ப உலைக்குள் காட்டுவார்கள். சூடு பட்ட இடத்தில் தங்கம் நுண்துகள்களாகத் திரண்டு சிவப்பு எழும்பும். மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனியில் இருந்த ஜோசப் லாக் இதற்கு 1883இல் காப்புரிமை வாங்கினார். அசல் துண்டில் சிவப்பு எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மலிவான போலிகளில் சிவப்பு மேற்பூச்சாக இருக்கும். விளிம்பில் தேய்ந்த இடத்தில் வெளுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: யுவி டார்ச்சில் பச்சையாக ஒளிர்ந்தால் அது பழைய பர்மீஸ்தானா?

பதில்: ஒளிர்ந்தால் யுரேனியம் இருக்கிறது என்று அர்த்தம். வயது அதில் தெரியாது. மேலே இளஞ்சிவப்பாகவும் கீழே மஞ்சளாகவும் இருக்கும் கண்ணாடிதான் பர்மீஸ். மவுன்ட் வாஷிங்டன் கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கியது 1885இல். மஞ்சளுக்கு யுரேனியம், இளஞ்சிவப்புக்குத் தங்கம். ஆனால் ஃபென்டன் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் 1970களில் செய்த பர்மீஸும் ஜோராக ஒளிரும். வேடிக்கை என்னவென்றால், பழைய சாடிகள் சிலவற்றில் இளஞ்சிவப்புக்கு மேலே, வாய் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இருக்கும். அந்த ஓரத்தை இன்னொரு தடவை சூடாக்கினால் நிறம் பழையபடி மஞ்சளுக்குத் திரும்பிவிடும். பயப்பட வேண்டாம், அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். ஜூஸ் ஊற்றிக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: 'பீச்ப்ளோ' என்று மூன்று விதமான கண்ணாடியைக் காட்டுகிறார்கள். எது சரி?

பதில்: மூன்றும் சரி. 1886இல் நியூயார்க்கில் மேரி மார்கனின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் பீச் பழ நிறச் சீனப் பீங்கான் சாடி ஒன்று 18,000 டாலருக்குப் போனது. ஊரெல்லாம் அதே பேச்சு, கண்ணாடிக்காரர்கள் விடுவார்களா? வீலிங் நகரின் ஹாப்ஸ், புரோக்குனியர் செய்ததில் உள்ளே வெள்ளைக் கண்ணாடி அடுக்கு இருக்கும், வெளியே கருஞ்சிவப்பு மஞ்சளாக இறங்கும். நியூ இங்கிலாந்து ரகம் ரோஜா நிறத்திலிருந்து வெள்ளைக்கு இறங்கும். மவுன்ட் வாஷிங்டன் ரகம் இளஞ்சிவப்பிலிருந்து நீலம் கலந்த சாம்பலுக்குப் போகும். கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும், ஆனால் மூன்றில் அதுதான் அபூர்வம்.

கேள்வி: கையில் காசு குறைவு. எதில் தொடங்கலாம்?

பதில்: கார்னிவல் கிளாஸ். அச்சில் அழுத்திய கண்ணாடி; சூடாக இருக்கும்போதே உலோக உப்பு தெளித்து மினுக்கியது. ஃபென்டன் 1907 வாக்கில் தொடங்கி வைத்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: ஃபென்டன் தன் பெயரைக் கண்ணாடியிலேயே அச்சாகப் போடத் தொடங்கியது 1970இல்தான். 'பெயர் இருக்கிறது, அதனால் பழசு' என்று விற்பவர் சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: சாடிக்கு உள்ளே வெள்ளைப் படலம். எப்படிக் கழுவுவது?

பதில்: வினிகரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி ஒரு இரவு வையுங்கள். தண்ணீர் விட்டுப்போன உப்புக்கறை என்றால் கரைந்துவிடும். கரையவில்லையா? கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, நனைந்தால் தெளிவாகி, காய்ந்தால் திரும்பிவரும். அதனால்தான் ஈரமாக இருக்கும் சாடியை நான் விலை பேசுவதே இல்லை. டிஷ்வாஷர் பக்கம் போகவே கூடாது.

கேள்வி: அசலை எங்கே பார்க்கலாம்?

பதில்: டிஃப்பனிக்கு ஃப்ளோரிடாவின் வின்டர் பார்க்கில் உள்ள மோர்ஸ் அருங்காட்சியகம். மற்றதற்கெல்லாம் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம். 1903இல் ஸ்டூபன் கண்ணாடி நிறுவனம் தொடங்கியபோது கூட இருந்த ஃபிரடெரிக் கார்டரின் 'ஆரீன்' என்ற மினுங்கும் கண்ணாடிச் சாடிகளை அங்கே நிதானமாகப் பாருங்கள், முக்கியமாக நீலத்தை. போட்டோவில் அந்த நீலம் வராது.