துரத்தல் வந்தால் ஓடுங்கள், ஆனால் மூச்சைக் கேட்டு

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்குக் கொழும்பில் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போனில் விளையாடிக்கொண்டே ஓடும் செயலிகளைப் பற்றியவை. அவற்றில் ஆறை எடுத்திருக்கிறேன்.

அக்கா, எத்தனை தரம் தொடங்கினாலும் நாலாம் நாள் விட்டுவிடுகிறேன். ஓடுவது அவ்வளவு அலுப்பு. விளையாட்டுச் செயலி உண்மையில் உதவுமா? எதைப் போடலாம்?
– பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

உதவும். அலுப்புத்தான் பிரச்சினை என்றால் நிச்சயம் உதவும். உங்களுக்கு நான் சொல்வது 'ஸோம்பீஸ், ரன்!'. 2012இல் பிரித்தானியாவில் வெளியானது. எழுத்தாளர் நவோமி ஆல்டர்மனும் ஒரு விளையாட்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கினார்கள். உலகம் நடைபிணங்களின் கையில் போய்விட்டது. நீங்கள் 'ரன்னர் 5', மிச்சமிருக்கும் ஒரு சின்ன ஊருக்கு மருந்தும் சாப்பாடும் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். கதை காதில் வரும், இடையிடையே உங்கள் பாட்டுகளே ஒலிக்கும். திரையைப் பார்க்கத் தேவையில்லை. முழுக்க ஆங்கிலம், ஆனால் விளங்காத அளவு கடினமில்லை.

துரத்தல் என்று ஒன்று அதில் இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால், பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். அந்த நேரம் நீங்கள் போகும் வேகத்தைவிட ஏறத்தாழ 20 வீதம் கூட்டி, ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறினால் பொறுக்கிய பொருட்களில் கொஞ்சம் போய்விடும். என்னோடு ஓடும் ஒரு பெண் முதன்முதலாகத் துரத்தலைக் கேட்டது காலி முகத்திடலில், விடியற்காலை ஐந்தரைக்கு. இறால் வடை வண்டிகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன, கடலோர நடைபாதையில் ஆளில்லை. திடீரென்று தோள் இரண்டும் மேலே ஏற, ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்தாள். அதுவரை ஒரு கிலோமீற்றருக்கு மூன்று தரம் நின்றவள் அவள்.

பயிற்சிக் கண்ணால் பார்த்தால் இது புதிதில்லை. ஒரே ஓட்டத்துக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதை 1930களில் சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மேர் கொண்டுவந்தார். அதன் பெயர் ஃபார்ட்லெக். சுவீடன் மொழியில் 'வேக விளையாட்டு' என்றுதான் அர்த்தம். செயலி அதற்கு ஒரு கதை சேர்த்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏற்கனவே மூச்சு முட்ட ஓடுகிற ஒருவரால் இன்னும் 20 வீதம் கூட்ட முடியாது. நாலாம் நாள் விட்டுப்போவதற்கு அலுப்பு பாதிக் காரணம், முதல் நாளே தேவைக்கு மேல் வேகமாக ஓடியது மீதிக் காரணம். ஆகவே முதல் மூன்று வாரம் கதையைக் கேட்டுக்கொண்டு நடங்கள். துரத்தல் வரும்போது மட்டும் மெதுவாக ஓடுங்கள். ஒழுங்கான திட்டம் வேண்டுமென்றால், 1996இல் ஜோஷ் கிளார்க் எழுதிய 'கவுச் டு 5கே' இருக்கிறது. முதல் வாரம் 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, மாறி மாறி 20 நிமிடம். 9 வாரம், வாரத்துக்கு மூன்றே நாள்.

டொரொன்டோவில் இருக்கும் அண்ணாவும் நானும் ஸ்ட்ராவாவில், அதுதான் ஓட்டங்களைப் பதிந்து பகிரும் செயலியில், போட்டி. அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட. இருந்தும் ஒவ்வொரு கிழமையும் என்னைவிட வேகமாக ஓடுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.
– வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி

தம்பி, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஓடும்போது உடம்பில் உண்டாகும் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, அது காற்றில் ஆவியாகிப் போக வேண்டும். கொழும்புக் காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்தது. வியர்வை ஆவியாகாமல் ஒழுகி நிலத்தில் சொட்டும். அப்போது சூட்டைக் குறைக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புகிறது, கால் தசைக்குப் போவது குறைகிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. உங்கள் அண்ணா ஒக்டோபர் காலைக் குளிரில் ஓடும் அதே வேகத்தை நீங்கள் மெரைன் டிரைவில் ஓடுவதென்றால், இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

செயலியின் பட்டியலுக்கு இது தெரியாது. அது கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்பதை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும். அதைத் துரத்தி ஏப்ரல் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தவர்களை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். போட்டியை விடச் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு நாளும் பேசிக்கொள்ள அதுவே ஒரு சாட்டு, அது நல்லது. அளவை மட்டும் மாற்றுங்கள்: கிழமைக்கு யார் அதிக நிமிடம் ஓடியது, யார் அதிக நாள் வெளியே இறங்கியது. நிமிடம் டொரொன்டோவிலும் பம்பலப்பிட்டியிலும் ஒன்றுதான். அப்புறம், அண்ணா விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் கூடவே கூட்டிக்கொண்டு ஓடுங்கள். ஆனால் விடிய ஆறு மணிக்கு முன், மெதுவாக. சூட்டுக்கு உடம்பு பழக இரண்டு கிழமை வரை எடுக்கும்.

இந்தச் செயலிகளில் நாம் ஓடும் பாதையை எல்லோரும் பார்க்கலாம் என்கிறார்கள். தனியாக ஓடும் எனக்குப் பயமாக இருக்கிறது.
– கொட்டாஞ்சேனை

உங்கள் பயம் நியாயமானது. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், படைவீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே இராணுவ முகாம்கள் இருக்குமிடம் வெளியே தெரிந்தது. முகாமுக்கே அந்த நிலைமை என்றால் ஒரு வீட்டு வாசல் எந்த மூலைக்கு?

செயலியைப் போட்டவுடன், முதல் ஓட்டத்துக்கு முன்பே, அமைப்புக்குள் போய் மூன்று வேலை செய்யுங்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறையுங்கள். ஓட்டங்களை நீங்கள் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். முகப்புப் படத்தையும் முழுப் பெயரையும் எடுத்துவிடுங்கள். ஓட்டத்தை அன்றே போடாமல் பின்னர் போடுவதும் நல்லது. ஒரே நேரம், ஒரே பாதை என்ற பழக்கம் வெளியில் தெரியக் கூடாது. இதற்கு நேர்மாறாக, வீட்டில் ஒருவருக்கு மட்டும் நீங்கள் இருக்குமிடம் நேரடியாகத் தெரியும்படி போனில் போட்டுவிட்டுப் போங்கள்.

இடம் என்றால், விடியற்காலையில் ஆள் நடமாட்டம் உள்ள சுதந்திர சதுக்கத்தைச் சொல்வேன். வாகனமில்லை, நடக்கும் பெண்கள் நிறைய.

டேட்டா முடிந்துவிடுமா? பாதியில் செயலி நின்றும் போகிறது.
– தெஹிவளை

ஜிபிஎஸ் சமிக்ஞை செய்மதியிலிருந்து வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை. கதைப் பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கிவைத்தால் போதும். நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் போனின் பற்றரிச் சேமிப்பு. அந்தச் செயலிக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தூரம் கூடக்குறையக் காட்டினால் பயப்பட வேண்டாம், சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் அப்படி. இன்னொன்று: வியர்த்த விரலுக்குத் திரை கேட்காது. போனைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டு, தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் அழுத்திவிடுங்கள். மழைக்கும் அது உதவும்.

47 நாள் தொடர்ந்து ஓடிவிட்டேன். ஒரு நாள் விட்டால் செயலியில் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும். ஆனால் முன்னங்கால் எலும்பு ஓரம் வலிக்கிறது. நடந்தாவது எண்ணிக்கையைக் காப்பாற்றலாமா?
– கல்லூரி மாணவி, கொழும்பு 6

மகள், இன்று ஓடாதீர்கள்.

அந்த வலி எலும்பின் ஓரமாக நீளத்துக்குப் பரவியிருந்தால், பழக்கமில்லாத சுமையால் வருவது. ஓய்வும் ஐஸும் கொடுத்து, பிறகு மெதுவாகத் திரும்பினால் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய ஒரே இடத்தில் குத்துகிறதா, இரவில் படுக்கும்போதும் வலிக்கிறதா, அப்படியென்றால் எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அதோடு ஓடினால் மாதக்கணக்கில் உட்கார நேரிடும்.

இந்த எண்ணிக்கையைப் பற்றி நான் கோபமாகவே சொல்கிறேன். கால் பலமடைவது ஓடும்போது அல்ல, ஓய்ந்திருக்கும்போது. ஓய்வு நாளைத் தோல்வியாகக் காட்டும் செயலி உங்கள் காலுக்கு எதிராக வேலை செய்கிறது. நினைவூட்டலை நிறுத்துங்கள். கிழமைக்கு மூன்று நாள் என்று இலக்கை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் வேறு செயலிக்குப் போங்கள். சப்பாத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அதற்கும் இந்த வலியில் பங்கு இருக்கலாம்.

அம்மாவுக்கு 58 வயது, சீனி வருத்தம். நடக்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார். அவருக்கும் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா? நாளைக்கு 10,000 காலடி நடந்தே ஆக வேண்டுமா?
– மட்டக்குளி

முதலில் அந்தப் பத்தாயிரத்தை மறந்துவிடுங்கள். அது 1965இல் ஜப்பானில் விற்ற 'மான்போ-கெய்' என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம். வைத்தியர் எழுதிய அளவு இல்லை. அம்மா இப்போது எவ்வளவு நடக்கிறாரோ அதைவிட ஆயிரம் அடி கூடினாலே நல்ல தொடக்கம்.

செயலி என்றால் 'பிக்மின் புளூம்'. அடி கூடக்கூடச் சின்னச் செடிகள் வளரும், நடந்த வழியெல்லாம் பூ விரியும். துரத்தல் இல்லை, அவசரமில்லை. பூச்சாடி வைத்திருக்கும் அம்மா என்றால் நிச்சயம் பிடித்துக்கொள்வார்.

வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சீனி குறைக்கும் குளிசையோ எடுப்பவர் என்றால் பையில் குளுக்கோஸ் இனிப்பு இருக்க வேண்டும். நடுக்கமோ குளிர் வியர்வையோ வந்தால் உடனே நின்று சாப்பிட வேண்டும். செருப்போடு வேண்டாம், மூடிய சப்பாத்து. வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவருக்கு உணர்வு குறைந்திருக்கலாம். முதல் ஒரு கிழமை போன் உங்கள் கையில் இருக்கட்டும், அம்மா உங்கள் பக்கத்தில் நடக்கட்டும். பூ விரியும்போது காட்டுங்கள்.