கெட்ட குமாரன் பாடம்: பிள்ளைகள் மூத்தவன் பக்கம் நின்றால்

பாறசாலை சகோதரிக்கு,

"ஒழுங்கா வேலை பார்த்த அண்ணனுக்கு ஒண்ணுமில்லியா?" என்று உங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பது நல்லதுதான், அடக்காதீர்கள். இயேசு சொன்ன இந்தக் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவரும் இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிறார்; வீட்டோடு இருந்து உழைத்த மூத்தவன் கோபித்து வெளியே நிற்கிறான். கதையை விருந்தோடு நிறுத்திவிடுவதால் வரும் கேள்வி அது. லூக்கா 15:11-24 ஒரு வாரம், 25-32 அடுத்த வாரம் எடுங்கள்.

நடிக்க வைத்தால் தரையில் சாக்பீஸால் வாசல் கோடு போடுங்கள். அப்பா அதை இரண்டு முறை தாண்ட வேண்டும்: 20-ஆம் வசனத்தில் இளையவனிடம் ஓட, 28-இல் மூத்தவனை வருந்தி அழைக்க. இளையவன் 19-இல் யோசித்துவைத்த 'கூலிக்காரரில் ஒருவனாக' என்ற வரி 21-இல் இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டுவிடுகிறார். இந்த இடத்தை அவசரப்படாமல் இருமுறை நடியுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அண்ணனுக்கான பதில் 31-இல் இருக்கிறது: நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார் அப்பா. அவன் உள்ளே போனானா என்று வேதம் சொல்லவில்லை, நீங்களும் முடித்துவைக்காதீர்கள். சண்டை போட்ட பிள்ளைகளை வகுப்பில் கட்டிப்பிடிக்கச் சொல்லவும் வேண்டாம். கூச்சத்தில் கோபம்தான் கூடும்.