முதல் சுற்றிலேயே பாஸ் ரஷ்ஷரா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்க ஃபுட்பால் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்று சுற்றாக, முறைவைத்து எடுக்கும் நிகழ்வு, நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான். ‘எங்கள் அணி எந்த பாஸ் ரஷ்ஷரை எடுக்கணும்?’ (பந்தை எறியும் எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பவர்தான் பாஸ் ரஷ்ஷர்.) கேட்பவர் எந்த அணியின் ரசிகர் என்பது மட்டும்தான் மாறும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

எட்ஜ், டிஃபென்சிவ் எண்ட், அவுட்சைட் லைன்பேக்கர் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே ஆள்தானா? (ஒரு சீசனாக மட்டுமே ஆட்டம் பார்ப்பவர்)

பெரும்பாலும் ஒரே ஆள்தான். வரிசையின் ஓரத்தில் நின்று, குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைப் போய்ப் பிடிப்பது வேலை. கையைத் தரையில் ஊன்றிக் கிளம்பினால் எண்ட் என்றார்கள், நின்றபடி கிளம்பினால் லைன்பேக்கர் என்றார்கள். இப்போது ஒரே ஆட்டத்தில் ஒரே வீரர் இரண்டையும் செய்வதால் ‘எட்ஜ்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

ஆனால் பாஸ் ரஷ்ஷர் என்றாலே ஓரத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 2014 டிராஃப்டில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் முதல் ஆளாக ஜடேவியன் க்ளவுனியை எடுத்தது. ஐந்தாவதாகக் கலீல் மேக், ரெய்டர்ஸுக்குப் போனார். பதின்மூன்றாவது இடம் வரை காத்திருந்தவர் ஏரன் டொனால்ட். நடுவில் ஆடுகிறவருக்கு இந்த உயரம் போதாது என்று பலர் தயங்கினார்கள். அந்த ‘போதாத’ ஆள் 2017, 2018, 2020 என மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். க்ளவுனி நல்ல வீரர்தான், ஆனால் முதல் பத்து ஆண்டுகளில் ஒரு சீசனில்கூட அவர் 10 சாக்கை (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) தொடவில்லை.

2022-இல் ஜாகுவார்ஸ் ஹட்சின்சனை விட்டுவிட்டு ட்ராவன் வாக்கரை எடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லையா? (லயன்ஸ் ரசிகர்)

முதல் இடத்தில் ஜாகுவார்ஸ் விட்ட ஹட்சின்சன் அடுத்த இடத்திலேயே உங்கள் அணிக்குக் கிடைத்தாரே, உங்கள் குரலில் கொஞ்சம் குதூகலம் கேட்கிறது. தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏடன் ஹட்சின்சன் 2021-இல் மிச்சிகனுக்காக 14 சாக் எடுத்தவர், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம். ஒஹையோ ஸ்டேட் போன்ற பரம எதிரிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று சாக். ஜார்ஜியாவின் வாக்கருக்கு அதே ஆண்டில் ஆறு சாக்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஜாகுவார்ஸ் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்தது. ஒன்று, வாக்கரின் உடம்பு: 272 பவுண்டு எடையோடு 40 கெஜத்தை 4.51 வினாடியில் ஓடியவர், கை நீளம் 35 அங்குலத்துக்கும் மேல். ஹட்சின்சனுக்கு 32 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. இரண்டு, ஜார்ஜியா அந்த ஆண்டு தேசிய சாம்பியன். அதன் தற்காப்பிலிருந்து மட்டும் ஐந்து பேர் முதல் சுற்றில் போனார்கள். அந்தக் கூட்டத்தில் வாக்கர் பல நேரம் உள்ளே தள்ளி நின்று, மற்றவர் சாக் எடுக்க வழிவிடும் வேலையைச் செய்தார். ‘இவரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்’ என்பதுதான் ஜாகுவார்ஸ் கட்டிய பந்தயம். அப்போதைய பொது மேலாளர் ட்ரென்ட் பால்கேவுக்கு நீளக் கைகள் மீது பழைய பாசம் உண்டு. 2011-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக ஆல்டன் ஸ்மித்தை ஏழாவதாக எடுத்தவர் அவர்தான். ஸ்மித் முதல் ஆண்டே 14, அடுத்த ஆண்டு 19.5 என்று போனார்.

என்ன ஆச்சு? முதல் ஆண்டில் ஹட்சின்சன் 9.5, வாக்கர் 3.5. அப்புறம் வாக்கர் 2023-இல் 10, 2024-இல் 10.5 எடுத்தார். அதனால் ‘பைத்தியக்காரத்தனம்’ என்ற சொல் கொஞ்சம் அதிகம். ஹட்சின்சனோ 2024-இல் ஐந்தே ஆட்டங்களில் 7.5 எடுத்த நிலையில் டல்லாஸில் கால் எலும்பு முறிந்து சீசனை இழந்தார். யாரை எடுத்திருப்பேன் என்றால் அன்றும் இன்றும் என் பதில் ஹட்சின்சன்தான். காரணம் அந்த 14 சாக் இல்லை. முதல் நகர்வை டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்க வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) தடுத்துவிட்டால் அவரிடம் இரண்டாவது இருந்தது, அதற்கும் பின்னால் மூன்றாவது இருந்தது. கல்லூரியிலேயே அது கண்ணுக்குத் தெரிந்தது. வாக்கர் அதையெல்லாம் என்எஃப்எல் வந்துதான் கற்றுக்கொண்டார்.

அப்படியானால் கல்லூரி சாக் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள். ஆனால் முதலில் அதைப் பார்க்காதீர்கள். ஒரு சாக் பல வழியில் விழும். பின்னால் இருப்பவர்கள் எறிய இடம் கொடுக்காததால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு தவித்திருக்கலாம். யாருமே தடுக்காமல் நம் ஆள் உள்ளே ஓடியிருக்கலாம். எதிரே நின்ற டேக்கிள் அடுத்த ஆண்டு ஆட்டத்தையே விட்டு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். காகிதத்தில் எல்லாமே ஒன்று என்றுதான் பதிவாகும்.

டேனியல் ஹன்டர் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கடைசி ஆண்டில் எடுத்தது 1.5 சாக். 2015-இல் மூன்றாவது சுற்றில், 88-ஆவதாக வைக்கிங்ஸ் எடுத்தது. 2018-இலும் 2019-இலும் தலா 14.5.

மறுபக்கம் என் சொந்தக் கதை ஒன்று. 2008-இல் ஒஹையோ ஸ்டேட்டின் வெர்னான் கோல்ஸ்டனை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். கல்லூரியில் அதற்கு முந்தைய சீசனில் 14 சாக், சோதனை முகாமில் 225 பவுண்டை 37 முறை தூக்கினார், பார்த்தால் சிலை மாதிரி இருப்பார். ஜெட்ஸ் ஆறாவதாக எடுத்தது. மூன்று சீசன் ஆடி அவர் எடுத்த சாக் பூஜ்யம். எண்ணிக்கையும் இருந்தது, உடம்பும் இருந்தது, தடுக்கிறவனை ஏமாற்ற ஒரு வித்தை மட்டும் இல்லை. அன்றிலிருந்து ‘எத்தனை எடுத்தான்’ என்பதை விட்டு ‘எப்படி எடுத்தான்’ என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

2018-இல் குவார்ட்டர்பேக்கை விட்டு ரஷ்ஷரை எடுத்த புண் இன்னும் ஆறவில்லை. (பிராங்கோஸ் ரசிகர்)

ஐந்தாவது இடத்தில் பிராட்லி சப்; இரண்டு இடம் தள்ளி பஃபலோவுக்கு ஜோஷ் ஆலன். வலிக்கத்தான் செய்யும். ஆனால் சப் மோசமான தேர்வு இல்லை, முதல் ஆண்டே 12 சாக். தப்பு எங்கே என்றால், வீட்டில் குவார்ட்டர்பேக் இருக்கிறார் என்று அணி நம்பியதில். சுவர் இருந்தால்தான் சித்திரம். நம்பிக்கையான குவார்ட்டர்பேக் இல்லாத அணி, கண்ணெதிரே ஒருவர் இருந்தால் ரஷ்ஷரைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பது என் கட்சி.

மேக்ஸ் கிராஸ்பி நான்காவது சுற்றில் கிடைத்தார். பிறகு எதற்கு முதல் சுற்றை வீணாக்குவது? (ரெய்டர்ஸ் ரசிகர்)

உங்கள் அணியின் 2019 டிராஃப்ட் இந்தத் தொழிலுக்கே ஒரு பாடம். நான்காவது இடத்தில் கிளெம்சனின் கிளெலின் ஃபெரல், 106-ஆவது இடத்தில் ஈஸ்டர்ன் மிச்சிகனின் கிராஸ்பி. முதல் ஆண்டில் ஃபெரலுக்கு 4.5, கிராஸ்பிக்கு 10. ஒரே அணி, ஒரே பயிற்சியாளர்கள், ஒரே மைதானம்.

ஆனால் இதைக் காட்டி ‘காத்திருக்கலாம்’ என்பது, லாட்டரி விழுந்தவரைக் காட்டி டிக்கெட் வாங்கச் சொல்வது போல. நான்காவது சுற்றில் வந்து பெயர் தெரியாமல் போனவர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. முதல் சுற்று வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், வேண்டுமானால் ஐந்தாவது ஆண்டையும் அணியே நீட்டிக்கொள்ளலாம். மற்ற சுற்றுகளில் அந்த வசதி கிடையாது. மைக்கா பார்சன்ஸை டல்லாஸ் 2021-இல் பன்னிரண்டாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் 13 சாக். 2025 ஆகஸ்டில் கிரீன் பே அவருக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கென்னி கிளார்க் என்ற வீரரையும் கொடுத்தது, அதற்கு மேல் நான்கு ஆண்டுக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம். சந்தையில் விலை இப்படி இருக்கும்போது, டிராஃப்டில் ஒரு நல்ல ரஷ்ஷர் சிக்கினால் அந்த நான்கைந்து ஆண்டுகள் கொள்ளை லாபம்.

ஃபெரல் விஷயத்தில் குறை சுற்றில் இல்லை, இடத்தில். எதையும் மோசமாகச் செய்யாத, எதிலும் மிரட்டாத ஒருவரை நான்காவது இடத்தில் எடுத்தார்கள். இருபதுகளில் எடுத்திருந்தால் இன்று யாரும் அவர் பெயரை இழுத்திருக்க மாட்டார்கள்.

ரஷ்ஷருக்காக வேறு அணியின் முந்தைய இடத்தை வாங்கி, டிராஃப்டில் மேலே ஏறலாமா?

ஏறலாம், ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டு ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2018-இல் செயின்ட்ஸ் 27-ஆவது இடத்திலிருந்து 14-ஆவது இடத்துக்கு ஏற அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் கொடுத்து மார்கஸ் டேவன்போர்ட்டை எடுத்தது. ஐந்து ஆண்டில் அவருடைய சிறந்த சீசன் 9 சாக். 2023-இல் டெக்சன்ஸ் 12-ஆவது, 33-ஆவது இடங்கள் இரண்டையும் அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுகளையும் கொட்டிக் கொடுத்து, மூன்றாவது இடத்தில் அலபாமாவின் வில் ஆண்டர்சனை எடுத்தது. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதிய தற்காப்பு வீரர், அணி மூன்று வெற்றியிலிருந்து பத்துக்குப் போனது (குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடுக்கும் அதில் பங்கு உண்டு, சொல்லாமல் விட்டால் ஹூஸ்டன்காரர்கள் அடிப்பார்கள்). டேவன்போர்ட்டிடம் வாங்கியது வாக்குறுதி. ஆண்டர்சன் மூன்று ஆண்டு பெரிய எதிரிகளுக்கு எதிராகச் செய்து காட்டிவிட்டு வந்தவர்.

வீட்டில் உட்கார்ந்து நாங்களே ஒரு ரஷ்ஷரை எடைபோட முடியுமா?

முடியும். முதல் வேலை, பந்தைப் பார்க்காமல் இருப்பது. பழகும்வரை கஷ்டம்தான். பந்து கிளம்பியதும் ரஷ்ஷரின் முதல் அடியைப் பாருங்கள், அப்புறம் டேக்கிளின் கால்களை. டேக்கிள் அவசரமாகப் பின்வாங்கினால் வேகத்துக்குப் பயப்படுகிறார் என்று அர்த்தம். அந்தப் பயத்தை நம் ஆள் பயன்படுத்தி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறாரா, உள்ளே வெட்டுகிறாரா? டேக்கிளின் கை அவர் சட்டையைப் பிடிக்கும் முன் தட்டிவிடுகிறாரா? ஓரத்தைச் சுற்றி வளையும்போது தோள் தாழ்கிறதா, கால் வேகம் குறைகிறதா? எல்லாம் இரண்டரை வினாடியில் முடிந்துவிடும். ஒரே காட்சியை நாலு முறை ஓட்டுங்கள்.

பாடமாக ஒன்று வேண்டுமென்றால், 2016 பிப்ரவரியில் நடந்த 50-ஆவது சூப்பர் பௌலின் முதல் கால்பகுதி. பிராங்கோஸின் வான் மில்லர், கரோலினாவின் வலது டேக்கிள் மைக் ரெம்மர்ஸைச் சுற்றி வளைந்து போய், கேம் நியூட்டனைத் தள்ளக்கூட இல்லை, கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார். பந்து உருண்டு எண்ட் ஸோனுக்குள் (மைதானத்தின் கடைசியில் புள்ளி எடுக்கும் பகுதி) போக, மாலிக் ஜாக்சன் அதன் மேல் விழுந்தார், டச்டவுன். 2011 டிராஃப்டில் முதல் தேர்வு நியூட்டன், இரண்டாவது மில்லர். நான்காவது கால்பகுதியில் மில்லர் அதையே இன்னொரு முறை செய்வார், அதையும் விட்டுவிடாதீர்கள்.