எந்த விளையாட்டை விடுவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கூடைப்பந்தும் நீளம் தாண்டுதலும் பழகுகிறாள். ஒன்றை விட்டால்தான் மற்றொன்றில் முன்னேற முடியும் என்கிறார் பயிற்சியாளர். எதை விடுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டோடு நின்றுவிடுவதை 15, 16 வயது வரையேனும் தள்ளிப்போடச் சொல்வதோடு, முதன்மை விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதங்களாவது விலகியிருக்கவும் பரிந்துரைக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளம் வயதிலேயே உச்சம் தொடும் துறைகளின் கணக்கு வேறு. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர்கூடச் சிறுவயதில் கால்பந்தும் ஆடியவர்தான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உங்கள் மகள் பழகும் இரண்டுமே குதிக்கும் விளையாட்டுகள் என்பதால், இரண்டு இருந்தும் முழங்காலுக்கு ஓய்வில்லை. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேடிட்ட இடத்தில் அழுத்திப் பாருங்கள். அங்கே வலியோ வீக்கமோ இருந்தால், வளரும் எலும்பைத் தசைநாண் ஓயாமல் இழுப்பதன் அடையாளமாக அது இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையென்றால், ஓராண்டில் சில மாதங்களுக்கு ஒன்றின் இடத்தில் நீச்சலைச் சேர்க்கலாம். வாரத்தின் மொத்தப் பயிற்சி மணிநேரம் அவள் வயதின் எண்ணிக்கையைத் தாண்டாதபடி இரு பயிற்சியாளர்களும் கலந்து பேசி அட்டவணை போடட்டும்.